ஆத்தங்கரையிலேயே நின்ன நரி

ஒரு ஊர்ல ஒரு மாவு மில்லு இருந்துச்சாம், கண்ணு. இரு, இரு, இந்தப் பக்கமாத் திரும்பிப் படு. அந்தப் பக்கம் படுத்தா காது மெஷினு தலகாணியில இடிச்சுக் கழண்டுரும். அப்புறம் அத்தை செவுத்தைப் பாத்துத்தான் கதை சொல்லோணும். ஆச்சா? எங்க, ம் சொல்லு.

“ம்.”

அப்படி. அந்த மில்லு இருக்குதே, காலையில சுவிட்சைப் போட்டா டகடகடகடகன்னு ஒரே சத்தம். ஜன்னல் கம்பி கிடுகிடுங்கும். செவுத்துல மாட்டுன முருகன் படம்கூட லேசா ஆடும். மில்லை ஒட்டுனாப்பல ஒரு வீடு. அந்த வீட்டுல மில்லுக்கார கிட்டுசாமி, அவன் பொண்டாட்டி துளசிமணி, அவங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு.

“அவ பேரு என்ன அத்தை?”

வர்ணிகா.

“அது நானு!”

ஏன், ஊர்ல ஒருத்திக்குத்தான் அந்தப் பேரு வெக்கோணும்னு சட்டமா? இவ வேற வர்ணிகா. கதையில வர்றவ. குறுக்க குறுக்கப் பேசுனா அத்தை எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்க.

“ம்.”

அந்த வீட்டுல பகல்ல யாரும் வாயால பேச மாட்டாங்க. பேசுனாத்தான் காதுல விழாதே! சோறு திங்க வாங்கன்னா துளசிமணி வாசப்படியில நின்னு கையை வாய்க்கிட்டக் கொண்டு போவா. தண்ணி வேணும்னா கிட்டுசாமி கட்டை விரலைக் காட்டுவான். கோவம் வந்தா முறைப்பான். அவ்வளவுதான் அந்த வீட்டுப் பேச்சு. புள்ளையும் அதையே பாத்துப் பாத்து வளந்துச்சு. வான்னு கையைக் காட்டுனா வரும், உக்காருன்னு காட்டுனா உக்காரும். படு சூட்டிகை.

தூளியில போட்டா, பக்கத்துல டகடகன்னு மில்லு ஓடும், புள்ள அசையாமத் தூங்கும். மாவரைக்க வர்றவங்க எல்லாம் மூக்குல விரலை வெப்பாங்க. “இடி விழுந்தாலும் முழிக்காது போல இருக்கே!” அப்படிம்பாங்க. துளசிமணிக்குப் பெருமை தாங்காது. “மில்லுக்காரன் புள்ளைன்னா சும்மாவா?” அப்படிம்பா. பெருமைப்பட்டாங்க கண்ணு, வீடே கூடி உக்காந்து பெருமைப்பட்டுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணலை.

அப்போ ஒரு நாள் என்னாச்சு? டப்புன்னு கரண்ட் போச்சு.

மில்லு நின்னுச்சு. ஊரே கப்சிப். சத்தத்துலயே இருந்து பழகுன காதுக்குள்ள ஙொய்ங்ன்னு இருக்குமே, அப்படி இருந்துச்சு எல்லாருக்கும். துளசிமணி பரண் மேல இருந்த பித்தளை அண்டாவை எடுக்க எக்குனா. கை வழுக்கிருச்சு.

டமார்! டங், டங், டங், கணீர்ர்ர்ர்!

கூரை மேல இருந்த காக்கா படபடன்னு பறந்துச்சு. கிட்டுசாமி மில்லுக்குள்ள இருந்து துள்ளிக் குதிச்சு ஓடியாந்தான். மாவுப் பையோட நின்ன ஒரு அம்மா பையையே கீழ போட்டுட்டாங்க. புள்ள? அண்டாவுக்கு முதுகைக் காட்டி உக்காந்து, மக்காச்சோளத்தை ஒண்ணொண்ணா வரிசையா அடுக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கலை.

துளசிமணி கரண்டியை எடுத்து, புள்ளைக்குப் பின்னாடி வந்து, அண்டாவுல ஓங்கி ஒரு தட்டு. டங்! புள்ள அடுத்த சோளத்தை எடுத்து வெச்சுச்சு. இன்னொரு தட்டு. டங்! அதுக்குப் பக்கத்துல இன்னொரு சோளம். மூணாவது தட்டு தட்டுனா பாரு, டங்ங்ங், தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும். புள்ள சோளத்தை நேராக்கி வெச்சு அழகு பாத்துச்சு. கிட்டுசாமி வந்து பொண்டாட்டி கையில இருந்த கரண்டியை மெதுவா வாங்கிக்கிட்டான்.

என்ன, ம் காணோம்?

“ம். பாவம் அத்தை, அவங்கம்மா.”

பாவந்தான். ஆனா அழுது முடிச்சவுடனே மூஞ்சியைக் கழுவிட்டுக் கிளம்பிட்டா. காது டாக்டர்கிட்டப் போனாங்க. ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சாங்க, தலையில ஒயரெல்லாம் ஒட்டுனாங்க. டாக்டர் சொன்னாரு, “காதுக்கு உள்ள, சத்தத்தைப் புடிச்சு மூளைக்கு அனுப்பற எடத்துல கோளாறும்மா. முதல்ல வெளிய மாட்டற மெஷினைப் போட்டுப் பாப்போம்.” போட்டாங்க. மாசக்கணக்காப் பாத்தாங்க. ம்ஹூம். அப்போ டாக்டர் சொன்னாரு, “ஆபரேஷன் பண்ணலாம்.”

தெருவுல சும்மா இருப்பாங்களா? மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்னாளோங்கறது ஒண்ணு. பொட்டப்புள்ள தலையைக் கிழிக்கறதாங்கறது இன்னொண்ணு. இப்ப நெனைச்சாலும் அத்தைக்கு வாயில வண்டை வண்டையா வருது. நீ தூங்கப் போற புள்ளைங்கறதால விடறேன். துளசிமணி அது எதையும் காதுல போட்டுக்கலை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அது என்னன்னா, அவ பொறந்த வீட்டுல ஒரு பழக்கம். கதை சொன்னா, கேக்கறவங்க ம் கொட்டோணும். ம் வந்தாத்தான் கதை நகரும். ம் வரலைன்னா கதை நின்ன எடத்துலயே நிக்கோணும், ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. ராத்திரி மில்லு நின்னப்புறம், புள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு ஒரு கதை சொல்லோணும், அது ம் கொட்டோணும். அது ஒண்ணுதான் அவ கேட்ட வரம்.

“என்ன கதை?”

நரிக் கதை. வரும், இரு. அந்த வரத்துக்கு மூணு சோதனை இருந்துச்சு.

முதல் சோதனை, ஆபரேஷன். காதுக்குப் பின்னாடி தோலுக்கு அடியில ஒரு சின்ன வில்லையை வெச்சாங்க. அதுக்குள்ள ஒரு காந்தம். அதுல இருந்து முடியளவு ஒரு கம்பி, நத்தைக் கூடு மாதிரி சுத்திச் சுத்திப் போற உள்காதுக்குள்ள போகும். புண்ணு ஆறுனப்புறம் வெளிய மாட்ட ஒரு மெஷினு. அதுலயும் ஒரு காந்தம். தோலுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. வெளிய இருக்கறதைக் கிட்டக் கொண்டு போனா டக்! ஒண்ணை ஒண்ணு பாக்காமலே கண்டுபுடிச்சுக்கும். துளசிமணி அன்னிக்கு அதையே பாத்துட்டு இருந்தா. அவளுக்குக் கோயில்ல நிக்கற மாதிரி இருந்துச்சு.

பயிற்சி சொல்லித் தர்ற டீச்சர் மெஷினை ஓட விட்டாங்க. இப்பத் திரும்பும், இப்ப அம்மான்னு சிரிக்கும்னு துளசிமணி காத்துட்டு இருக்கா. புள்ளைக்குக் கண்ணு பெருசாச்சு. கீழ் உதடு பிதுங்குச்சு. வீல்ல்ல்னு ஒரு அழுகை! மெஷினைப் புடுங்கி எறிஞ்சுருச்சு. துளசிமணி குனிஞ்சு மெஷினைப் பொறுக்கிட்டு டீச்சரைப் பாத்தா. டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? “இந்தக் காது இன்னிக்குத்தாம்மா பொறந்திருக்கு. பொறந்தது அழுவாதா?”

“ம்.”

ரெண்டாவது சோதனை யாரு? அந்த மில்லேதான். டீச்சர் சொன்னாங்க, “பச்சைக் காது. சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சு எடுக்க இன்னும் தெரியாது. தினமும் கொஞ்ச நேரமாவது வீடு அமைதியா இருக்கோணும்.” துளசிமணி வந்து புருஷன்கிட்டக் கேட்டா.

“ஏனுங்க, சாயங்காலம் பொழுதோட ஒரு மணி நேரம் மில்லை நிறுத்துங்க.”

“வெளையாடறயா துளசி? பொழுதோடதான் கூட்டமே வரும். வரிசையில நிக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

சொல்லிட்டுச் சுவிட்சைப் போட்டான். டகடகடகடக. பெரிய தொர! துளசிமணி சண்டை போடலை. புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு ஊர்க் கடைசியில இருக்கற புளியமரத்தடிக்குப் போயி உக்காந்தா. அங்க பஸ்ஸு பாம் பாம்ங்கும். அடுத்த நாளும் போனா. மூணாவது நாள் மழை சோன்னு ஊத்துது. மெஷினுல தண்ணி படக் கூடாதுன்னு முந்தானையால புள்ள தலையை மூடிக்கிட்டு, இவ தொப்பத் தொப்ப நனைஞ்சுக்கிட்டு, அப்பவும் படியிறங்கிப் போறா. கிட்டுசாமி பாத்தான். கை தானாப் போயிச் சுவிட்சை அணைச்சுருச்சு.

அன்னியில இருந்து விளக்கு வெக்கற நேரத்துக்கு மில்லு நிக்கும். முதல்ல வரிசையில நின்னவங்க மொணமொணத்தாங்க. அப்புறம் பழகிப் போச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். எதுத்த வீட்டுத் தையக்காரர் அந்த நேரத்துக்குத் தைய மெஷினை நிறுத்தினாரு. டீக்கடையில ரேடியோவைக் கொறைச்சாங்க. சைக்கிள்ல வர்றவங்க மணி அடிக்காம எறங்கித் தள்ளிட்டுப் போனாங்க. யாரும் யாருக்கும் சொல்லலை. ஒரு புள்ளையோட காதுக்காகத் தெருவே மூச்சை அடக்கிட்டு நின்னுச்சு, கண்ணு.

அந்த அமைதியில சத்தம் ஒவ்வொண்ணா வந்து சேந்துச்சு. தோசைக் கல்லு சொய்ய்ங். புள்ள தோசைக் கல்லைப் பாத்துச்சு, அம்மாவைப் பாத்துச்சு. குக்கரு உஸ்ஸ்ஸ்! ஓடி வந்து அம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. நடந்தா சலங் சலங்ன்னு யாரோ பின்னாடியே வர்றாங்க. நின்னா அவங்களும் நிக்கறாங்க. திரும்பிப் பாத்தா ஆளு இல்லை! கடைசியில பாத்தா அவ காலு கொலுசு. அப்படியே தரையில உக்காந்து, காலை ஆட்டி ஆட்டி, ஒரு பொழுது பூராக் கொலுசையே கேட்டுச்சு. துளசிமணியும் பக்கத்துல உக்காந்து கேட்டா. அவளுக்குமே அன்னிக்குத்தான் முதல் தடவையாக் கொலுசுச் சத்தம் கேக்கற மாதிரி இருந்துச்சு.

“என் கொலுசு பீரோவுல இருக்குது.”

தெரியும், தெரியும். காலையில போட்டுக்கலாம். கண்ணை மூடிட்டுக் கேளு. மூணாவது சோதனை, ஆறு சத்தம்.

“ம்.”

காலையில மெஷினை மாட்டுனவுடனே, நல்லா வேலை செய்யுதான்னு பாக்க ஆறு சத்தம் குடுத்துப் பாக்கோணும்னு டீச்சர் பழக்கி விட்டாங்க. ஆ. ஈ. ஊ. ஷ். ஸ். ம். ஆனா புள்ள உதட்டைப் பாத்துப் புடிச்சுக்கக் கூடாது. அதுக்காக வாயைக் கையால மறைச்சுக்கிட்டுச் சொல்லோணும். சத்தம் கேட்டா புள்ள ஒரு மக்காச்சோளத்தைத் தகர டப்பாவுல போடோணும். ஆ... டங். ஈ... டங். ஊ... டங். ஷ்ஷ்... டங். ஸ்ஸ்... டங். கெட்டிக்காரப் புள்ள! கடைசியா, ம்...

சோளம் கையிலயே இருக்கும். புள்ள அம்மா கண்ணையே பாத்துட்டு இருக்கும்.

ஆறுல அஞ்சு வந்துருச்சு. வராத ஒண்ணு எது பாரு! டீச்சர் மெஷினுக்குள்ள சத்தத்தைக் கூட்டிக் கொறைச்சு வெச்சுப் பாத்தாங்க. “அது அடங்குன சத்தம்மா, மெதுவாத்தான் புடிபடும். நீங்க பேசிட்டே இருங்க. சொல்லிட்டுக் கொஞ்சம் காத்திருங்க. புள்ளைக்கு நேரம் குடுங்க” அப்படின்னாங்க.

துளசிமணி பேசுனா பாரு, பகல் பூராப் பேசுனா. கத்திரிக்காய் நறுக்குனா அதையும் புள்ளைக்குச் சொல்லிட்டேதான் நறுக்குவா. ஆனா படுக்கையில மட்டும் அவ வீட்டுப் பழக்கத்தை விட மாட்டேன்னுட்டா. “ஒரு ஊர்ல ஒரு நரி. அது ஆத்தங்கரைக்கு வந்துச்சாம்.” சொல்லிட்டுக் காத்திருப்பா. புள்ள அவ மூஞ்சியைப் பாக்கும். சிரிக்கும். தூங்கிரும். ம் இல்லை. நரி அங்கயே நின்னுக்கும். மறுநாளும் அதே ஆத்தங்கரை. மழைக்காலம் போயி, பனி போயி, வெயில் வந்து, திருப்பி மழை வந்துருச்சு. அந்த நரிக்குக் காலு எப்படி வலிச்சிருக்கும், யோசி! கிட்டுசாமிகூடக் கேட்டான், “ஏந்துளசி, அந்த நரியைக் கொஞ்சம் உக்காரவாவது சொல்லேன்.” அவ சிரிக்கலை. “ம் வரட்டுங்க” அப்படின்னா.

“நரி பாவம்.”

கேளு. தீவாளி வந்துச்சு. முறுக்கு மாவு அரைக்க மில்லு வாசல்ல கூட்டமான கூட்டம். விளக்கு வெக்கற நேரத்துக்கு வழக்கம் போல மில்லு நின்னுச்சு. துளசிமணி விளக்கைப் பொருத்திட்டுத் திரும்பிப் பாத்தா, அவ பின்னாடியே ஓடி வந்த புள்ள தலையில மெஷினைக் காணோம்!

“ஏனுங்க!” அப்படின்னு ஒரு கத்து. மாடத்துல இல்லை, தூளியில இல்லை, படிக்கட்டுல இல்லை. அப்போ எங்க? மாவுல விழுந்திருச்சோ? யாரு சாக்குலயோ போயிருச்சோ? மெஷின் இல்லைன்னா புள்ளைக்கு ஒண்ணுமே கேக்காதே. பொறந்த காது திருப்பி அடைச்சுக்குமே.

வரிசைக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேட்டானே கிட்டுசாமி, அவனே வாசல்ல வந்து நின்னு கை கூப்புனான். “இன்னிக்கு மில்லு ஓடாதுங்க. எம் புள்ள காதைக் காணோம்.” ஒருத்தரும் போகலை. அப்படியே அங்கயே உக்காந்தாங்க. அவங்கவங்க சாக்கை அவங்கவங்களே அவுத்து, முறத்துல கொட்டி, சலிக்க ஆரம்பிச்சாங்க. சல்லு சல்லுன்னு அத்தனை சல்லடை. மாவு பறந்து எல்லாரு தலையும் வெள்ளை. தையக்காரர் சட்டையைக் கழட்டிட்டுச் சலிக்கறாரு. பூராவும் சலிச்சாச்சு. ஒரு ஆணிகூடக் கெடைக்கலை.

எல்லாரும் மெஷினைத் தேடுனாங்களே கண்ணு, புள்ளையை யாராவது தேடுனாங்களா?

“ம்ஹூம்!”

தேடலை. துளசிமணிக்குத்தான் திடீர்னு ஞாபகம் வந்துச்சு. மில்லுக்குள்ள ஓடுனா. ஓடாம நிக்கற அரைவை மெஷினுக்கு முன்னாடி, தரையில, சம்மணம் போட்டு உக்காந்திருக்குது புள்ள. தானியம் கொட்டற தகரத் தொட்டி இருக்குமே, அதோட பக்கத்துல, சரியாக் காது இருந்தா எங்க இருக்குமோ அங்க, ஒட்டியிருக்குது மெஷினு. டக்குன்னு புடிச்சுக்கிட்டு, பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது.

மில்லுக்குக் காது வெச்சிருக்குது புள்ள!

தகர டப்பா மில்லுக்கு முன்னாடி இருக்குது. பக்கத்துல கொஞ்சம் மக்காச்சோளம், மில்லுக்குன்னு எடுத்து வெச்சிருக்குது. அப்போ புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? குட்டிக் கையால வாயை மறைச்சுக்கிச்சு. மறைச்சுக்கிட்டு,

“ஒ... ஊ...”

அப்படின்னுச்சு. சொல்லிட்டு, மில்லோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டுக் காத்திருந்துச்சு. அம்மா காத்திருப்பாளே தினமும், அதே மாதிரி, கண்ணு சிமிட்டாம.

துளசிமணிக்குக் காலு தரையில இல்லை. அவ சொல்லிச் சொல்லி நிறுத்துன அந்த ஒரு வரி, ஒரு ஊர்ல, அது உள்ள போயி இத்தனை நாள் இருந்து, இப்ப வெளிய வருது. மெதுவாப் பக்கத்துல போனா. தொட்டியில இருந்த மெஷினை எடுத்து, துடைச்சு, புள்ள காதுல மாட்டுனா. டக். மில்லோட காதைப் புடுங்கிட்டாளேன்னு புள்ளைக்கு ஒரே கோவம். அம்மாவை ஒரு முறை முறைச்சுது, அப்படியே அப்பன் மாதிரி. திரும்பவும் மில்லைப் பாத்து உக்காந்து, வாயை மறைச்சுக்கிட்டு, “ஒ... ஊ...”

துளசிமணி பின்னாடி நின்னுட்டு இருக்கா. கதை கேட்டா என்ன பண்ணோணும்? அவளுக்குத் தெரிஞ்ச பழக்கம் ஒண்ணுதானே. தன்னை அறியாம, வாயைத் திறக்காம, சொன்னா,

“ம்.”

புள்ளையோட கை அப்படியே நின்னுச்சு. தலை திரும்புச்சு. அம்மாவைப் பாத்துச்சு. அப்புறம் ஒரு சோளத்தை எடுத்துச்சு.

டங்.

துளசிமணி இன்னொருக்கா, “ம்.”

டங்.

“ம்.”

டங்!

அன்னிக்கு அண்டாவை அந்தத் தட்டு தட்டியும் திரும்பாத புள்ள, கண்ணு, இந்த மூச்சு அளவு ம்முக்குத் திரும்பிப் பாத்துச்சு. வாசப்படியில கிட்டுசாமி நிக்கறான், மூஞ்சி பூரா மாவு, அதுல ரெண்டு கோடு மட்டும் ஈரம். அவனுக்குப் பின்னாடி வெள்ளைத் தலையோட மொத்தத் தெரு. சல்லடையைக் கையில வெச்சுக்கிட்டு எல்லாரும் நிக்கறாங்க, ஒரு ஆளு இருமக்கூட இல்லை.

“அப்போ நரி?”

அதானே, நரியை விட்டுட்டா நீ தூங்குவயா? அன்னிக்குப் படுக்கையில, “ஒரு ஊர்ல ஒரு நரி. அது ஆத்தங்கரைக்கு வந்துச்சாம்” அப்படின்னா துளசிமணி. காத்திருந்தா. புள்ள உதட்டை மூடுச்சு, மூக்கைச் சுருக்குச்சு, அதுக்கு எப்படி வருமோ அப்படிச் சொல்லுச்சு.

“ம்.”

ஆமா, இதே மாதிரிதான் சொல்லுச்சு. அப்போ நரி தண்ணிக்குள்ள ஒரு காலை வெச்சுச்சாம்.

“ம்.”

அப்புறம் இன்னொரு காலை வெச்சுச்சாம். சளக், புளக். நடு ஆத்துக்கு வந்துச்சாம்.

“ம்...”

அப்புறம் அக்கரையில ஏறி, உடம்பைச் சிலுப்பிக்கிட்டு, படபடபடன்னு தண்ணியை உதறுச்சாம்.

வர்ணி? ஏ அம்மிணி?

சரி. ம் நின்னுருச்சு, கதையும் நின்னுருச்சு. மில்லு ஆறிப் போச்சு, மாவைச் சாக்குல கட்டியாச்சு, நரியும் ஊடு போய்ச் சேந்துச்சு. மெஷினைக் கழட்டி அதோட டப்பாவுல வெச்சுடறேன், அதுவும் தூங்கட்டும். இந்தா, கழட்டியாச்சு. இனி அத்தை சொல்றது உனக்குக் கேக்காது. கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

கதையில வந்த புள்ள நீதாண்டி தங்கம். தூங்கு.